நிரந்தரமாக மூடப்பட்டது

ஆகஸ்ட் 19, திங்கள்

என் வீட்டுக்காரருக்குப் பிசியோதெரபி செய்ய வரும் ஃபர்ஹானா இன்று இந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, அண்ணன் தினமும் என்னென்ன பண்றாருன்னு இதுல எழுதி வைங்க. எத்தனை நிமிஷம் உக்காந்தாரு, எந்தக் கையைத் தூக்குனாரு, எல்லாம் வேணும்" என்றாள். பிளஸ் டூ முடித்த பிறகு நான் எழுதியதெல்லாம் பால்காரருக்காகக் காலண்டரில் போட்ட கோடுகள்தான். சரி, எழுதிவிட்டுப் போகிறேன்.

இன்று: சாய்மானம் வைத்து உட்கார்ந்தது இருபது நிமிடம். பிடித்துக்கொண்டு நாலு அடி நடை. வலது கை அசைவு இல்லை. இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை எதற்கும் எடுக்கமாட்டேன் என்கிறார். ஸ்பூனைக் கொடுத்தால் கீழே போடுகிறார். "அந்தக் கையை அவரா விரும்பி எடுத்தாத்தான் உண்டுங்க்கா. இல்லீன்னா படுக்கையே கதின்னு ஆயிரும்" என்று ஃபர்ஹானா வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு மே மாதக் கடைசியில் பக்கவாதம் வந்தது. காது கேட்கிறது, எழுத்துப் புரிகிறது, புத்தி தெளிவு. பேச்சு மட்டும் வரவில்லை. இருபத்தேழு வருஷமாகத் தெருமுனை வரைக்கும் கேட்ட குரல், இப்போது 'ஆ' என்ற ஒரே எழுத்தில் நிற்கிறது.

பொள்ளாச்சி மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் எங்கள் கடை, 'நாச்சிமுத்து மிக்சி கிரைண்டர் சர்வீஸ்'. இரண்டரை மாதம் பூட்டிக் கிடந்தது. ஆவணி ஒன்றாம் தேதி நானே போய் ஷட்டரைத் தூக்கினேன். மெக்கானிக் மயில்சாமி பழையபடி வந்துவிட்டான். கட்டடக்காரர் சுப்பையா கவுண்டர் அன்றைக்கே வந்து நின்றார். "அம்மிணி, தீபாவளி வரைக்கும் பாக்கறேன். கடை ஓடுச்சுன்னா இருங்க. இல்லீன்னா சாவியைக் குடுத்துருங்க, பையனுக்கு ஒரு கடை வெக்கோணும்" என்றார். நல்ல மனுஷர்தான், நேராகச் சொல்லிவிட்டார்.

நான் கடையைக் கொடுப்பதாக இல்லை. இது யாருக்கும் தெரியவேண்டியதில்லை, இந்த நோட்டுக்குத் தெரிந்தால் போதும்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. மயில்சாமி ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டான், பிறகு அதையே மறுபடி பிரித்தான். பன்னிரண்டு மணிக்கு ஒரு அம்மா ஜாரைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அடியில் ஒழுகுகிறதாம்.

"ஏனுங்க, திறந்துதான் இருக்குதுங்களா? போன்ல பார்த்தா நிரந்தரமா மூடிட்டதாப் போட்டிருக்குது. பக்கத்துல பூ வாங்க வந்தேன், ஷட்டர் மேல இருந்துச்சு, அதான் வந்தேன்" என்றார்.

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். மேப்பில் எங்கள் கடை. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது'. பூட்டிக் கிடந்த நாளில் யாரோ வந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள், மேப்பும் அப்படியே போட்டுக்கொண்டது. ஒரு வார்த்தை எங்களைக் கேட்கவேண்டாமா?

இன்று: உட்கார்ந்தது இருபத்தைந்து நிமிடம். இடது கை, ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

பெங்களூரிலிருந்து மகள் நிவேதா போனில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். மேப்பில் கடைக்கு இந்தப் பக்கத்தை அவள்தான் ஐந்து வருஷம் முன்னால் அப்பா போனில், அப்பா மெயிலில் திறந்து கொடுத்தாளாம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அந்தப் போனிலிருந்தே என்னையும் மேனேஜர் என்று சேர்த்து வைத்தாளாம். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி.

'திறந்திருக்கிறது' என்று மாற்றினேன். அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டேன். ஞாயிறு அரைநாள் என்று நேரம் போட்டேன். "இப்பெல்லாம் யாரும் கடை பேரைத் தேடறதில்லம்மா. 'பக்கத்துல மிக்சி ரிப்பேர்'னு தேடறாங்க. ஜார் ஒழுகுது, கிரைண்டர் பெல்ட்டு, கல் கொத்தறதுன்னு என்னென்ன பண்றீங்களோ அத்தனையும் எழுது. போட்டோ போடு. வர்றவங்களை ஸ்டார் போட்டு நாலு வரி எழுதச் சொல்லு. அப்பத்தான் மேல வரும்" என்றாள்.

பிறகு வழக்கம்போல, "எதுக்கும்மா இந்தப் பாடு? அப்பாவைக் கூட்டிட்டு இங்கியே வந்துருங்க" என்றாள். சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

போன் வருகிறது! முந்தாநாள் மூன்று, நேற்று ஐந்து, இன்று ஒன்பது. ஆனைமலையிலிருந்து ஒருவர் டேபிள்டாப் கிரைண்டரைக் காரில் வைத்து எடுத்து வந்தார், மேப்பைப் பார்த்துத்தான் வந்தாராம்.

ஸ்டார் வாங்குவதில் எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. ஜாரைச் சரி பண்ணி, தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டி, துடைத்து வைப்பேன், ஆனால் கையில் கொடுக்கமாட்டேன். "ஒரு அஞ்சு ஸ்டாரு போட்டீங்கன்னா ஜாரு உங்களுது. இல்லீன்னா நானே சட்னி அரைச்சுக்குவேன்" என்பேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு போனை எடுக்கிறார்கள். மயில்சாமி, "அக்கா, அண்ணன் இருந்தப்போ இந்தக் கடையில சிரிப்புச் சத்தம் கேட்டதே இல்ல" என்றான். "வாயை மூடிட்டு வேலையப் பாரு" என்றேன். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

இன்று: உட்கார்ந்தது அரை மணி. கை, ஒன்றுமில்லை. பகலில் பார்த்துக்கொள்ள வரும் ராஜாமணியிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

ஆகஸ்ட் 31, சனி

சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த நாலு வரிகளையெல்லாம் படித்துக் காட்டினேன். 'அக்கா ரொம்பப் பொறுமை.' 'என்ன கோளாறு என்று புரிகிற மாதிரி சொல்கிறார்கள்.' 'நம்பிப் போகலாம்.' அவர் கடைதானே, கேட்டால் தெம்பு வரும் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

ஃபர்ஹானா புது யோசனை சொன்னாள். இடது கட்டை விரலுக்கு வேலை கொடுக்க வேண்டுமாம், போனில் பலூன் உடைக்கிற விளையாட்டு ஏதாவது போட்டுக் கொடுக்கச் சொன்னாள். பீரோவிலிருந்து அவருடைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டு, அவர் நெஞ்சின் மேல் வைத்தேன்.

செப்டம்பர் 4, புதன்

இடது கட்டை விரல், பலூன், பத்து நிமிடம். தானாகவே எடுத்தார். முருகா!

செப்டம்பர் 9, திங்கள்

மத்தியானத்துக்கு மேல் போனே வரவில்லை. மேப்பைத் திறந்தால் மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. நிவேதாவைக் கூப்பிட்டேன். "யாராவது தப்பா ரிப்போர்ட் பண்ணிருப்பாங்கம்மா. திரும்பத் திற" என்றாள். திறந்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றது. யார் பரிசீலிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பரிசீலிக்கிறார்கள்? தாலுகா ஆபீஸ் என்றால் போய் நின்றாவது கத்தலாம். இதற்கு ஒரு வாசல் இல்லை, ஒரு ஜன்னல் இல்லை.

இன்று: இடது கை, இருபது நிமிடம். ஸ்பூனைப் பிடித்தார், கொட்டினார், ஆனால் பிடித்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்று நாளுக்குப் பிறகு திறந்தது. மூன்று நாளும் நானும் மயில்சாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ரிட்டயரான டீச்சர் ஒருவர், சௌந்தரம் என்று பெயர், பெரிதாக எழுதியிருக்கிறார். 'பல வருடங்களாகத் தெரிந்த கடை. முன்பு இருந்தவர் எதைக் கேட்டாலும் எரிந்து விழுவார். அதனாலேயே போவதை விட்டிருந்தேன். இப்போது அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார். கடையே வேறு கடை மாதிரி இருக்கிறது.' முப்பத்தொரு பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். எரிந்து விழுவார் என்ற வரியை விட்டுவிட்டுத்தான் படித்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

மூடிவிட்டார்கள். மறுபடியும்.

செப்டம்பர் 19, வியாழன்

இதைச் செய்வது யார் என்று தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் சர்வீஸ் சென்டர் வைத்திருக்கும் ஈஸ்வரன். எங்கள் கடை மூடிக் கிடந்தால் 'பக்கத்தில் மிக்சி ரிப்பேர்' என்று தேடும்போது அவன் கடைதான் முதலில் வருகிறது. வேறு யாருக்கு லாபம்?

நேராகப் போனேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன். "படுத்துக் கிடக்கற மனுஷன் கடையை மூடித்தான் நீ பொழைக்கோணுமா? நல்லா இருப்பியா?" என்றேன். இன்னும் என்னென்னவோ வந்தது வாயில். என் வீட்டுக்காரரின் பழைய வாய் எனக்குத் தொற்றிக்கொண்டதோ என்னவோ.

ஈஸ்வரன் என் போனை வாங்கி, எங்கேயோ உள்ளே போய், எனக்கே காட்டினான். "அக்கா, இதைப் படிங்க. 'உரிமையாளர் கணக்கிலிருந்து மாற்றப்பட்டது'ன்னு இருக்குது. ரெண்டு தடவையும். வெளியாளு மூடல. உங்க வீட்டுல இருந்துதான் மூடிருக்காங்க" என்றான். பிறகு அவனே கடைக்காரப் பெண்ணிடம் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். மானம் போயிற்று.

செப்டம்பர் 20, வெள்ளி

உரிமையாளர் என்றால் அவர் மெயில். அந்த மெயிலைத் தொடத் தெரிந்தவள் நிவேதா ஒருத்திதான். பெங்களூருக்கு வா, வா என்று பல்லவி பாடுகிறவளும் அவள்தான். கூப்பிட்டு நேராகக் கேட்டேன்.

"நானாம்மா? என்னைப் பார்த்தா அப்படித் தெரியுதா?" என்று அழுதுவிட்டாள். "அந்த மெயிலு அப்பா போன்ல மட்டும்தான் இருக்கு. பாஸ்வேர்டு எனக்கே தெரியாது."

பொய். அவர் போன் அவர் நெஞ்சின் மேல் இருக்கிறது. அவர் அதில் பலூன் உடைக்கிறார்.

இன்று: இடது கை, ஒரு மணி நேரம். போனைப் பிடித்தபடியே எழுத்துப் பலகையில் விரலை நகர்த்துகிறார் என்று ஃபர்ஹானா சொன்னாள். ஸ்பூனால் ரசம் சாதம் பாதித் தட்டு, சிந்தாமல். "என்னக்கா மருந்து குடுத்தீங்க? இவ்வளவு வேகமா யாருக்கும் வந்து நான் பார்த்ததில்ல" என்று குதித்தாள்.

செப்டம்பர் 26, வியாழன்

நான் பக்கத்தில் போனால் போனின் விளக்கை அணைத்துவிடுகிறார். கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு. என்ன கோடு என்று எனக்குத் தெரியாது.

எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 1, செவ்வாய்

புரட்டாசி பிறந்து பாதி ஆகிவிட்டது. கடை வாரத்தில் நாலு நாள் மேப்பில் இருக்கிறது, மூன்று நாள் இல்லை. நான் திறக்கிறேன், மூடுகிறது. திறக்கிறேன், பரிசீலிக்கிறார்கள், மூடுகிறது. சுப்பையா கவுண்டர் இன்று வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, காலியான கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மயில்சாமி கோயமுத்தூரில் வேலை இருக்கிறதாமே என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தான். காதில் விழாத மாதிரி இருந்தேன்.

இடது கை: சட்டைப் பொத்தான் மூன்று, தானாக.

அக்டோபர் 4, வெள்ளி

சௌந்தரம் டீச்சர் கடைக்கே வந்தார். முகம் சரியில்லை. "அம்மிணி, நான் ஏதோ மனசுல பட்டதை எழுதினேன். அதுக்கு இப்படி ஒரு பதில் போடலாமா?" என்று போனைக் காட்டினார்.

அவர் எழுதியதற்குக் கீழே, 'உரிமையாளரின் பதில்' என்று தலைப்பு. அதற்கடியில்:

'நா இன்னும் சாகல'

அவ்வளவுதான். கால்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் இல்லை.

டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மயில்சாமி ஷட்டரைப் பாதி இறக்கினான்.

அக்டோபர் 5, சனி

அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன் என்று செப்டம்பர் பதினைந்தில் எழுதியிருக்கிறேன். விடவில்லை. படித்தேன். எரிந்து விழுவார் என்று படித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை படித்தேன். முப்பத்தொரு லைக் என்பதையும் சொன்னேன். அதற்குப் பிறகு வந்தவற்றிலும் அந்த மாதிரி வரிகளைத் தேடித் தேடித்தான் படித்தேன். தினமும் சாயங்காலம், சோறு ஊட்டிக்கொண்டே.

எனக்கு ஆசையாக இருந்தது. கல்யாணம் ஆன மூன்றாம் மாதம், கடைக்குச் சோறு கொண்டுபோனவள் ஒரு கஸ்டமரிடம் 'இது கப்ளர் தேஞ்சிருக்கும்' என்று சொல்லிவிட்டேன். ஆள் போனதும், "உனக்கு என்ன தெரியும்னு வாயத் திறக்கற? அடுப்படிய விட்டு வெளிய வந்தா காலை ஒடிச்சுப்போடுவேன்" என்றார். சந்து முழுக்கக் கேட்டது. அன்றைக்கு, மிக்சியில் ஜாரைச் சுற்றவைக்கிற அந்தக் கப்ளர்தான் தேய்ந்திருந்தது. அதற்குப் பிறகு இந்த மே மாதம் வரைக்கும் கடைப் படியில் நான் ஏறியதில்லை, கீழே நின்று சோற்றுத் தூக்குப்போசியை நீட்டுவேன்.

அந்த மனுஷன் திருப்பிப் பேச முடியாமல் படுத்திருந்தபோது படித்துக் காட்டினேன். எழுதிவிட்டேன். இனி இந்த நோட்டை ஃபர்ஹானாவிடம் கொடுக்க முடியாது, அவளுக்குத் தனியாக ஒரு தாளில் எழுதித் தரவேண்டும்.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் மறுபடியும் மூடியிருந்தது. தீபாவளிக்கு இருபத்து நாலு நாள். முறுக்குக்கு மாவு அரைக்கப் போகிற ஊர் முழுக்கக் கிரைண்டரை வெளியே எடுக்கிற நேரம்.

அவர் முன்னால் போய் நின்றேன். "ஏனுங்க, நீங்கதானே?" என்றேன். கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தார். "கடை போயிருமுங்க. கவுண்டரு சாவி கேக்கறாரு. தெரியுமா உங்களுக்கு?" பார்த்தார். "போகட்டும்னுதான் பண்றீங்களா?" பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. போன் வாங்கிய காலத்தில் அவர் கோடெல்லாம் போடமாட்டார், வலது கட்டை விரலை வைத்துத்தான் திறப்பார். இடது கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். பலம் வந்த கைதான், ஆனாலும் நான் இரண்டு கைக்காரி. போர்வைக்குள் கிடந்த வலது கையை எடுத்தேன். சூடாக இருந்தது. கட்டை விரலைப் பிரித்து, போனின் பின்னால் வைத்து அழுத்தினேன். திறந்தது.

அந்தக் கையை அவரால் இழுத்துக்கொள்ள முடியாது. இடது கையால் என்னை அடித்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

நிவேதா போனில் சொல்லச் சொல்ல அழுத்தினேன். முதல் உரிமையாளர் சாந்தாமணி என்று என் பெயர் வந்தது. பிறகு, 'நாச்சிமுத்து, இவரை நீக்கவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நோட்டில் இனிப் பொய் எழுத இஷ்டமில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பொரிகடலை, சுண்டல், ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம். மேப்பில் நாலு நாளாகக் கடை அசையாமல் நிற்கிறது. பூஜை முடிந்து ஷட்டரை இறக்கக்கூட விடாமல் ஆள் வந்தது. மயில்சாமி கோயமுத்தூர்ப் பேச்சை எடுக்கவில்லை. ஈஸ்வரன் கடைக்குப் பொரி கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். "விடுங்கக்கா, என்ற பொண்டாட்டி இதைவிட நல்லா பேசுவா" என்றான்.

அக்டோபர் 14, திங்கள்

ஃபர்ஹானா கேட்டாள்: "என்னங்க்கா ஆச்சு? ஒரு வாரமா அண்ணன் இடது கையை எடுக்கவே மாட்டேங்கறாரு. நல்லா வந்துட்டிருந்துச்சே?"

தெரியலம்மா என்றேன்.

அக்டோபர் 16, புதன்

இடது கை, ஒன்றுமில்லை. ஸ்பூனைக் கையில் வைத்து விரலை மடக்கினால், அது விழும்வரை அப்படியே விடுகிறார்.

கடையில் இன்று பதினேழு வேலை.

அக்டோபர் 19, சனி

உட்காரவும் மாட்டேன் என்கிறார். சாய்த்து வைத்தால் சரிகிறார். என் போனில் பலூனைப் போட்டுக் கொடுத்தேன். விளக்கு தானாக அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்தரம் டீச்சரிடம் சொல்லி, அவர் எழுதியதை அழிக்க வைத்து, அழித்துவிட்டதைக் காட்டினேன். அதற்கும் ஒன்றுமில்லை.

திட்டினேன். "எந்திரிச்சு உக்காருங்க, எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது" என்று கத்தினேன். ராஜாமணி வந்து என்னைச் சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

டாக்டர் வந்து பார்த்தார். புதிதாக எதுவும் வரவில்லையாம், மூளையில் எல்லாம் முன்பு இருந்த மாதிரியேதானாம். "அவரா மனசு வெக்கலீன்னா நாம என்னம்மா பண்றது? மூணு மாசம் இப்படியே போச்சுன்னா அந்தக் கையும் மடங்கிப் போயிரும்" என்றார்.

நான் கடையை மீட்டேன். அவர் கையை எதற்காகத் தூக்கினாரோ, அதை எடுத்துவிட்டேன். தினமும் கோடு இழுத்து, மெயிலைத் தேடி, சின்ன எழுத்தில் 'மூடப்பட்டது' என்ற வரியைக் கண்டுபிடித்து, அழுத்தி, 'நிச்சயமாகவா?' என்று கேட்டால் அதையும் அழுத்தி. எனக்கே நிவேதா ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்த வேலை. ஒற்றைக் கட்டை விரலில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்திருக்கிறார்.

அக்டோபர் 25, வெள்ளி

நிவேதாவைக் கூப்பிட்டு, அப்பாவைத் திரும்ப உரிமையாளராகச் சேர்ப்பது எப்படி என்று கேட்டேன்.

"அம்மா, உனக்குப் பைத்தியமா? தீபாவளிக்கு ஆறு நாளு இருக்கு. மூடிருவாரு!"

"மூடட்டும்."

"கவுண்டர் சாவி கேப்பாரும்மா."

"கேக்கட்டும். எப்படின்னு சொல்லு."

சொன்னாள். அவர் மெயிலுக்கு ஒரு அழைப்புப் போகுமாம். அவர் தன் போனில் அதைத் திறந்து 'ஏற்கிறேன்' என்று அழுத்தவேண்டுமாம். அழுத்தினால்தான் உரிமையாளர். அதுவரைக்கும் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும்.

அனுப்பினேன். அவர் போன் 'டிங்' என்றது. எடுத்து அவர் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

வலது கட்டை விரலை வைத்துத் திறந்து, நானே 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டால் என்ன என்று காலையில் ஒரு யோசனை வந்தது. கையைக்கூடப் பிடித்துவிட்டேன். பிறகு போர்வைக்குள் வைத்து மூடிவிட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

இடது கை, ஒன்றுமில்லை.

அக்டோபர் 30, புதன்

நாளைக்குத் தீபாவளி. சந்துக்குள் வண்டி நுழைய இடமில்லை. கிரைண்டர், மிக்சி, ஜார் எல்லாம் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் பெயர். மயில்சாமி சாப்பிடக்கூட எழவில்லை. மேப்பில் தேடினால் ஊரிலேயே முதலில் வருவது நாங்கள்தான். சுப்பையா கவுண்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "அம்மிணி, சாவிய நீங்களே வெச்சுக்கங்க. பையனுக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். எல்லோர் முன்னாலும் கும்பிட்டேன். எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினேன். தலையை வாரிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதருகில் சொன்னேன். "ஏனுங்க, கேக்குதா? கடை நெறைய ஆளு. எல்லாரும் என்னைத்தான் புகழறாங்க. உங்களுக்குக் கோபம் வரலீங்களா? அந்த ஏற்கிறேன்னு இருக்குது பாருங்க, அதை ஒரு தடவை அழுத்துங்க. அழுத்திப்போட்டு மூடுங்க. தீபாவளியன்னைக்கே மூடுங்க. நான் திறக்கமாட்டேன், சத்தியமா."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன், நான் வெள்ளிக்கிழமை வைத்த இடத்திலேயே இருந்தது, சார்ஜ் தீர்ந்து. சார்ஜில் போட்டுவிட்டு, மறுபடி கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

கடையில் ஒவ்வொரு ஜார் கொடுத்து முடித்ததும் என் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு அம்மா, "என்ன அம்மிணி, யாருகிட்டயிருந்து செய்தி எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரரிடமிருந்து என்றேன். அவர் சிரித்துவிட்டு, நான் கேட்காமலேயே ஐந்து ஸ்டார் போட்டுவிட்டுப் போனார்.

ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். சாந்தாமணி, முதல் உரிமையாளர். நாச்சிமுத்து, அழைப்பு இன்னும் ஏற்கப்படவில்லை.